கூட்ஸ் ஷெட் லைனில் ஒரு வளைவு

"ஷண்டிங் வேலையைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று இப்போது யார்டில் இருக்கும் தம்பிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். ஆளுக்கொரு வாக்கி டாக்கி இடுப்பில் தொங்கியது. இனிமேல் கொடிக்கு வேலை குறைந்துவிடுமாம், அதற்குள் பழைய முறையை எழுதி வைக்க வேண்டுமாம். கொடி போனால் போகட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. காபி கொடுத்து, எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உட்கார்ந்து யோசித்தால், இத்தனை வருஷ சர்வீஸில் சொல்லியே ஆக வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் வேலையில் இருந்தபோது தெரியவில்லை. போன சித்திரையில், ஸ்ரீரங்கத்து வீட்டில், நாலடிப் பலகை ஒன்றின் முன்னால்தான் தெரிந்தது.

ஷண்டிங் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வந்து நிற்கிற சரக்கு வண்டியைப் பிரித்து, எந்தப் பெட்டி எந்த லைனுக்குப் போக வேண்டுமோ அங்கே கொண்டுபோய் விட்டு, புறப்படுகிற வண்டியை வரிசைப்படி கோத்துக் கொடுப்பது. இன்ஜினை ஓட்டுகிறவர் ஷண்டர். கீழே நின்று கொடி காட்டுகிறவன் ஷண்டிங் மாஸ்டர். பச்சைக் கொடியை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால், என்னை விட்டு விலகிப் போ. உடம்புக்குக் குறுக்கே இடமும் வலமுமாக அசைத்தால், என் பக்கம் வா. சிவப்பு என்றால் நில். ஷண்டர் ஹார்னைச் சின்னதாக ஒரு தட்டுத் தட்டினால், பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். இவ்வளவுதான் எங்கள் பாஷை. நாள் முழுக்க வெயிலில் இரண்டு பேர் ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்ப்போம். அதில் ஒரு சுகம் இருந்தது.

நான் மண்ணச்சநல்லூர் பக்கத்து விவசாயக் குடும்பம். லைன் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, கொக்கி மாட்டி, விரலை நசுக்கிக்கொண்டு, பரீட்சை எழுதி மாஸ்டர் ஆன கதையையெல்லாம் விரித்தால் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அந்தக் கோபத்தை அடக்கி வைத்தவர் யார்டு மாஸ்டர் ராகவாச்சாரி. ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண், கையில் குடை, மழையோ வெயிலோ. வேலை ஆரம்பிக்குமுன் லைனின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பார். ஒவ்வொரு சக்கரத்தையும் குடை நுனியால் ஒரு தட்டு. பெட்டிக்கு அடியில் யாராவது படுத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பார். பிறகு எங்களை நிழலில் நிற்கவைத்து, எந்தப் பெட்டி முதலில், எது அடுத்தது என்று எங்கள் வாயாலேயே சொல்ல வைப்பார். தப்பாகச் சொன்னால் திட்டமாட்டார். "ம்ஹும்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சரியாகச் சொல்லும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "மணியாகுது சார்" என்றேன். "ஓய் தங்கராசு, வண்டி லேட்டானா ஒரு காயிதம் எழுதிப்பிடலாம். ஒருத்தன் கால் போச்சுன்னா என்னத்த எழுதுவீர்? யோசிச்சு சொல்லும்" என்றார். கொடிக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். காட்டாதபோது கம்பில் சுருட்டி அக்குளில் வைத்துக்கொள்ள வேண்டும். விரித்துப் போட்டுக்கொண்டு நடந்தால் அன்றைக்கு அவர் நம்மோடு பேசமாட்டார்.

ரிட்டயர் ஆன பிறகு எனக்குப் பொழுது போகவில்லை. பெங்களூரில் இருக்கும் பையன் ஒரு பொடி இன்ஜினும் கொஞ்சம் தண்டவாளமும் வாங்கிக்கொண்டு வந்தான். வட்டமாகப் போட்டுச் சுற்றிச் சுற்றி ஓட விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரயில் என்ன ராட்டினமாடா?" என்று எல்லாவற்றையும் பிரித்து டப்பாவில் போட்டேன். அவன் ஊருக்குப் போனதும் நானே ஒரு பலகை வாங்கிவந்தேன். நாலடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். அதில் ஒரு யார்டு. ஓடுகிற ரயில் வேண்டாம், பிரித்துக் கோக்கிற ரயில்தான் வேண்டும் என்று முடிவு.

எந்த யார்டு? பெரிய யார்டு மேஜையில் அடங்காது. நான் இரண்டு வருஷம் வேலை பார்த்த சின்ன ஸ்டேஷன் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அங்கே மீட்டர் கேஜும் இல்லை, ஷெட்டும் இல்லை. ஒரு மெயின் லைன், அதிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேர்கிற ஒரு லூப், கூட்ஸ் ஷெட்டை ஒட்டிப் போய் முட்டுக்கட்டையில் முடிகிற ஒரு லைன். சின்ன ஸ்டேஷன் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்ததாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் ஆனது. பெட்டிகளை வந்து குவிந்திருந்த கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டினேன். டீத்தூள் சக்கையைக் காயவைத்து மண் போட்டேன். பேனா ஸ்பிரிங்கில் பாயின்ட் லீவர். ஷெட்டுக்குக் கூரை பிஸ்கட் டப்பாத் தகரம். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் பிடித்த பழைய தூண் ஒன்று அங்கே சும்மா நின்றுகொண்டிருந்தது, அதற்கு ஒரு ரீஃபில். வரைபடம் எதுவும் என்னிடம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் அந்த லைனில் நடப்பேன். ஷெட் லைன் பிரிகிற பாயின்ட்டிலிருந்து ஷெட் முனைக்கு எத்தனை தப்படி, எங்கே ஜல்லி சரிந்திருக்கும், எங்கே கால் தன்னால் இடப்பக்கம் திரும்பும் என்று காலுக்கு ஞாபகம் இருந்தது. ஷெட் லைன் நேர்கோடு இல்லை. போகப் போக லேசாக ஒரு வளைவு. கால் சொன்னபடி தண்டவாளத்தை வளைத்து ஆணி அடித்தேன்.

மத்தியானங்களில், என் வீட்டுக்காரி சகுந்தலா சாப்பாட்டுக்கடை முடித்துப் படுத்த பிறகு, நாற்காலியைப் பலகைக்கு எதிரே போட்டு, மோவாயைப் பலகை விளிம்பில் வைத்துக்கொள்வேன். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும். இரண்டு பெட்டியைக் கழற்றி லூப்பில் விட்டு, மூன்றாவதை ஷெட்டுக்குக் கொண்டுபோய், திரும்பி வந்து, மறுபடி கோத்து... அரைமணி நேரத்தில் வீடு மறைந்துவிடும். தகரக் கூரையின் சூடு முகத்தில் அடிப்பதாக இருக்கும். எண்ணெயும் அரிசித் தவிடும் கலந்த வாசனை கூட வரும். தூரத்தில் காவேரிப் பாலத்தின் மேல் நிஜ வண்டி ஒன்று போகிற சத்தம் கேட்கும், அது என் பலகைக்குள் வரப்போகிற வண்டி என்றே தோன்றும். தூங்கினேனா விழித்திருந்தேனா என்று சொல்லத் தெரியாது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஸ்டேஷனில்தான் அது நடந்தது. நடந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது.

ஷண்டர் காதர் பாய். தென்னூர்க்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இன்ஜினை அவர் நிறுத்தினால் பெட்டிக்குள் அரிசி மூட்டை குலுங்காது. கூட்ஸ் டிரைவர் கோர்ஸுக்கு அவர் பெயர் வந்துவிட்டது, அடுத்த மாதம் போக வேண்டும். அங்கிருந்து பாசஞ்சர், பிறகு மெயில். "மெயில்ல ஏறுற அன்னைக்கு உங்களுக்கு பிரியாணி மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

சித்திரை வெயில். அந்த வருஷம் நோன்பு மாதமும் அப்போதுதான் வந்தது. ஷெட் லைனில் மூன்று பெட்டிகள் நின்றன, ஷெட்டிலிருந்து பெட்டி வாசலுக்குப் பலகை போட்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காதர் பாய் இன்ஜினுக்கு முன்னால் இரண்டு காலிப் பெட்டியோடு பாயின்ட்டுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார். பலகைகளை எடுத்தாயிற்றா என்று பார்க்க நான் ஷெட்டின் கடைக்கோடிக்குப் போயிருந்தேன். இன்னும் எடுக்கவில்லை. வெளியே வந்து நின்றேன். இன்ஜின் ஹார்ன் சின்னதாக ஒரு தட்டுத் தட்டியது. பாய்க்குப் பொறுமை போய்விட்டது என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் இரண்டு காலிப் பெட்டிகள் வந்து மூன்று பெட்டியில் இடித்தன. பலகை சரிந்தது, மூட்டை தூக்கியவர் ஒருவர் குதித்துத் தப்பினார், கடைசிப் பெட்டி முட்டுக்கட்டையைத் தாண்டி இறங்கி ஷெட்டுத் தூணில் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றுதான் நல்லது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ராகவாச்சாரி. காதர் பாய் மூன்று வரிதான் சொன்னார். "பச்சையைப் பார்த்தேன். குறுக்கே ஆடிச்சு. ஹார்ன் குடுத்துட்டு வந்தேன்." என்னைக் கூப்பிட்டார்கள். கொடி காட்டினீரா? இல்லை. ராகவாச்சாரி பேனாவை நிறுத்திவிட்டு இன்னொரு கேள்வி கேட்டார். "கொடி எப்படி இருந்தது? சுருட்டியா, விரிச்சா?"

"சுருட்டி, அக்குள்ல சார்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எங்களை யார் எப்போது கேட்டாலும் வருகிற பதில் அதுதான். சட்டம் என்ன என்று கேட்டாலும் அதே பதில், என்ன செய்தாய் என்று கேட்டாலும் அதே பதில். அவர் எழுதிக்கொண்டு, வாசித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினார். ஃபைலில் ஸ்டேஷன் படம் ஒன்று இருந்தது. ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள், ஷெட் லைன் நேராகப் போனது. அந்தப் படத்தின்படி நான் நின்ற இடத்தை ஷெட் முழுக்க மறைக்கும். காதர் பாய் பார்த்திருக்கவே முடியாது. சிக்னல் இல்லாமல் வண்டியை நகர்த்தினார் என்று எழுதி முடித்தார்கள். கோர்ஸிலிருந்து பெயரை அடித்தார்கள். அவர் கடைசிவரை ஷண்டராகவே இருந்து ரிட்டயர் ஆனார்.

நோன்பு என்ற வார்த்தையை யாரும் ஃபைலில் எழுதவில்லை. ஆனால் டீக்கடையில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். "பச்சத் தண்ணி பல்லுல படாம இந்த வெயில்ல இன்ஜின்ல உக்காந்தா கண்ணு கட்டாதா பின்ன? பச்சையும் தெரியும், மஞ்சளும் தெரியும்." நானும் தலையாட்டினேன். எனக்கு அவர்மேல் கோபம்கூட இருந்தது, நான் காட்டாத கொடியைக் காட்டினேன் என்கிறாரே என்று. அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பென்ஷனர்கள் கூட்டத்தில் பார்த்தால் ஒரு சலாம் வைப்பார், தள்ளிப் போய்விடுவார்.

போன சித்திரைக்கு வருகிறேன். பலகை முடிகிற நிலை. கடைசியாக ஆள் பொம்மைகளுக்குக் கொடி வெட்டிக்கொண்டிருந்தேன், சகுந்தலாவின் பச்சை ஜாக்கெட் துணி மிச்சத்தில். கரண்ட் இல்லை. இன்ஜினில் உட்கார்ந்து பார்த்தால் ஷெட் எப்படித் தெரியும் என்று பார்க்க ஆசை. நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த மட்டம் கிடைக்காது, மண்டி போட மூட்டுவலி விடாது. சகுந்தலாவைக் கூப்பிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் ஜன்னல் மட்டத்திலிருந்து பார்க்கச் சொன்னேன். நான் மறுகோடியில், ஷெட்டுக்குப் பின்னால் நின்றேன்.

"என்ன தெரியுது?"

"ஷெட்டு தெரியுது. அந்தத் தண்ணித் தூணு தெரியுது. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சூண்டு சந்து."

"சந்து எப்படி இருக்கும்? ஷெட் மறைக்கும்ல?"

"வளைஞ்சுல்ல போவுது லைனு, அதான் தெரியுது. நீங்க கொடி காட்டுறீங்க."

"நான் எங்கடி காட்டுறேன்?"

"இந்தா, இப்பக்கூட இப்புடி இப்புடின்னு ஆட்டுனீங்களே, பச்சையா" என்று அவள் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினாள்.

குனிந்து என் கையைப் பார்த்தேன். பச்சைத் துணி. அதால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

புதுக் கொடி சொரசொரப்பாக இருக்கும். பத்துத் தரம் துவைத்த கொடி மெத்தென்று ஆகிவிடும். வெயில் காலத்தில் ராகவாச்சாரி கண்ணில் படாதபோது நாங்கள் எல்லோரும் அதில்தான் முகம் துடைப்போம். துண்டுக்கு யார் போவது? அன்றைக்கு ஷெட்டை விட்டு வெளியே வந்து, நின்று, பச்சைக் கொடியால் கழுத்தை இடமும் வலமுமாகத் துடைத்தேன். என் பக்கம் வா. பாய் ஹார்ன் கொடுத்தார். வந்தார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னங்க, என்ன பண்ணுது?" என்று சகுந்தலா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சொன்னேன். அவள் தம்ளரைத் தரையில் வைத்தாள். பிறகு, "பாய் இருக்காரா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு வாரம் நான் போகவில்லை. வெட்கம், பயம், எல்லாம்தான். இத்தனை வருஷம் கழித்துப் போய் என்ன ஆகப்போகிறது, அவர் நிம்மதியாக இருந்தால் அதையும் ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே வக்கீலாக இருந்து பார்த்தேன். மத்தியானம் பலகை முன் உட்கார்ந்தால் அந்தச் சந்து ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. எட்டாம் நாள் சகுந்தலாவே ஆட்டோ கூப்பிட்டாள்.

பலகையின் ஒரு முனை என் மடியில், மறுமுனை அவள் மடியில். காவேரிப் பாலத்தில் ஆட்டோ நெரிசலில் மெதுவாக ஊர்ந்தது. கீழே மணலும், மணலுக்கு நடுவில் கொஞ்சம் தண்ணீரும், மேலே எங்கள் மடியில் ஒரு ஸ்டேஷனும். காற்றில் அட்டைப் பெட்டிகள் ஆடின. பாலம் முடியாமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

காதர் பாய் மெலிந்துபோயிருந்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. என்னைக் கண்டதும் திகைத்து, "வாங்க மாஸ்டர், வாங்கம்மா" என்றார். அவர் வீட்டம்மா மைமூன் டீ கொண்டுவந்தார்கள். டீயைத் தொடாமல் பலகையை மேஜையில் வைத்தேன். அவர் ஒரு பார்வை பார்த்ததும் எந்த ஸ்டேஷன் என்று தெரிந்துகொண்டார். முகம் மாறியது.

"பாய், இன்ஜின் ஜன்னல் மட்டத்துக்கு வந்து பாருங்க" என்றேன். மறுகோடிக்குப் போய் நின்றேன். அவர் மெதுவாக மண்டி போட்டு, நல்ல கண்ணை வைத்துப் பார்த்தார். பச்சைத் துணியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தேன்.

நான் துடைத்துக்கொண்டே சொன்னேன். "கொடி காட்டல பாய். வேர்வைய தொடச்சேன். சுருட்டி வச்சிருந்தேன்னு சொன்னது பொய். பொய்னு தெரியாமலே சொல்லிட்டேன். உங்க மெயில் வண்டி என்னாலதான் போச்சு. என்னை மன்னிச்சிருங்க."

அவர் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப மயக்கமில்ல?" என்றார்.

"இல்ல பாய். நீங்க பார்த்தது நிஜம்."

"மெயில் வண்டிய விடுங்க மாஸ்டர். அந்த வருத்தம் பத்து வருஷத்துல போயிடுச்சு." அவர் குரல் தணிந்தது. "நோன்புனாலன்னு சொன்னாங்கல்ல. உங்க ஆளுங்க மட்டுமில்ல, எங்க மச்சானே சொன்னாரு, ஜமாத்துல நாலு பேரு சொன்னாங்க. கேட்டுக் கேட்டு நானே நம்பிட்டேன். அதுக்கப்புறம் டூட்டி நாள்ல நோன்பு வைக்கல. பயம், யாரையாவது கொன்னுடுவேனோன்னு. ரிட்டயர் ஆனப்புறம்தான் முழுசா வச்சேன். அப்பவும் மத்தியானம் லுஹர் தொழுகை நேரமாச்சுன்னா என் கண்ணையே நம்பமாட்டேன். ரோட்டைக்கூட தாண்டமாட்டேன். கேளுங்க இவளை."

மைமூன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மெயில் வண்டிக்காக மன்னிப்புக் கேட்க நான் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். இது நான் கொண்டுவந்த கணக்கிலேயே இல்லை. சகுந்தலா அழுதுகொண்டிருந்தாள்.

மைமூன் அம்மா மேஜைக்கு வந்து குனிந்தார்கள். நான் மறுபடி துடைத்தேன். "பச்சைதாங்க" என்றார்கள் கணவரைப் பார்த்து.

பாய் சட்டையை மாட்டிக்கொண்டார். "பலகை இருக்கட்டும். நீங்க மட்டும் என்கூட வாங்க."

பள்ளிவாசல் இரண்டு தெரு தள்ளி. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து, தொழ வைக்கிற ஹஸ்ரத் இன்னும் உள்ளேதான் இருந்தார்; வெளியே பெஞ்சில் வயசானவர்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த மச்சான், கையில் ஊன்றுகோலோடு. காதர் பாய் அவர்கள் முன்னால் போய் நின்றார். "இவரு தங்கராசு மாஸ்டர். அந்த ஸ்டேஷன்ல என்கூட இருந்தவரு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆயுசு முழுக்கக் கையால் பேசியவன் நான். தட்டுத்தடுமாறி, ஷெட், வெயில், கொடி என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தேன்.

மச்சான் காதைத் தீட்டிக்கொண்டு, "கொடியால கழுத்த தொடச்சீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப இவரு நோன்புல இருந்தது?"

நான் ஏதோ முணுமுணுத்தேன். காதர் பாய் என் முழங்கையைப் பிடித்தார்.

"சத்தமா சொல்லுங்க மாஸ்டர்" என்றார். "உள்ள ஹஸ்ரத்துக்கும் கேக்கட்டும்."

"நோன்பு இல்லீங்க, நான்தான்" என்று சத்தமாகச் சொன்னேன்.